கத்தரிப் பூவுக்குப் பை மாட்டலாம்: புதர்ச்செடிகளின் மகரந்தச்சேர்க்கையை நீங்களே சோதித்தறிய ஒரு முழு வழிகாட்டி

பூவில் தேனீ உட்கார்ந்ததை செல்போனில் படம் பிடித்துவிட்டு, "இந்தச் செடிக்கு மகரந்தச்சேர்க்கை செய்வது தேனீ" என்று நோட்டில் எழுதி முடித்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கூடு கட்டித் தேன் சேர்க்கும் வழக்கமான தேனீயைப் பார்த்து எழுதினால், கத்தரியில் அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. பூச்சி வந்தது, தின்றது, போனது என்பது ஒரு சங்கதி. அதனால் காய் பிடித்ததா என்பது வேறு சங்கதி. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் சில பூக்களை மூடி வைத்து, சிலவற்றைத் திறந்து விட்டு, கடைசியில் காயை எண்ண வேண்டும்.

வேலூரில் என் மொட்டை மாடித் தொட்டிகளிலும், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்திலும் பள்ளிப் பிள்ளைகளோடு இதைப் பலமுறை செய்திருக்கிறேன். முதல் தடவை கட்டிய பைகளில் பாதிக்கு மேல் வீணாயின. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்களோ, நானும் அங்கேதான் விழுந்தேன். படிகளின் வரிசையை மாற்றாமல் செய்தால் மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடலாம்.

1. செடியைத் தேர்ந்தெடுத்தல்

புதர்ச்செடி என்றால் தண்டு கட்டையாக இருக்கும், ஆனால் மரம் மாதிரி ஒற்றை அடிமரம் இருக்காது. தரையை ஒட்டியே பல கிளைகளாகப் பிரிந்துவிடும். ஆவாரை, எருக்கு, நொச்சி, உண்ணிச்செடி, செம்பருத்தி எல்லாம் இந்த வகை. கத்தரியை நாம் ஒரு பருவத்துப் பயிராக வைத்துப் பிடுங்கிவிடுவதால் அது தெரிவதில்லை. விட்டு வைத்தால் அதன் அடித்தண்டும் கட்டையாகிவிடும், ஆகவே குறும்புதர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

புதர்ச்செடியை நான் சொல்வதற்குக் காரணம் உயரம். பூ கண்ணுக்கும் கைக்கும் எட்டும் மட்டத்தில் இருக்கும். புங்க மரத்தில் ஏறிக்கொண்டு யாரும் பை மாட்ட முடியாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் செம்பருத்தியைத்தான் எடுப்பார்கள். பாடப் புத்தகத்தில் அதன் பூவை அறுத்துக் காட்டியிருப்பதால் வரும் பழக்கம். பாகங்களைப் பார்க்க அது அருமையான பூ. சோதனைக்கு உதவாது. வீட்டுச் செம்பருத்தி காய்ப்பது அபூர்வம். குச்சி நட்டே தலைமுறை தலைமுறையாகப் பரவிய செடி அது. நீங்கள் பை மாட்டினாலும் பூ உதிரும், மாட்டாவிட்டாலும் உதிரும். அதை வைத்து "எங்கள் தெருவில் பூச்சியே இல்லை" என்று ஒரு பிள்ளை முடிவெழுதிக் கொண்டு வந்தது. குண்டுமல்லி, போகன்வில்லா, அடுக்கு நந்தியாவட்டை ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகத் தள்ளி வையுங்கள். போகன்வில்லாவில் நிறமாகத் தெரிவது இதழே கிடையாது, அது பூவடிச்செதில். உள்ளே வெள்ளையாகக் குச்சி மாதிரி நிற்கிறதே, அதுதான் பூ.

முதல் சோதனைக்குக் கத்தரி. நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூ பெரிது, ஒரு செடியிலேயே அடுத்தடுத்துப் பூத்துக்கொண்டிருக்கும், பிஞ்சு பிடித்ததா இல்லையா என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஒரே தொல்லை, முள்ளு கத்தரியில் தண்டு, இலை, காம்பு, புல்லி எல்லா இடத்திலும் முள். சின்னப் பிள்ளைகளுக்கு முள்ளில்லாத ரகத்தைக் கொடுங்கள்.

இரண்டாவது செடியாக ஆவாரையை வைத்துக்கொள்ளலாம். சாலையோரம், ஏரிக்கரை, கரம்பு என்று எங்கும் நிற்கும். அமிர்தி மாதிரியான காட்டுப் பகுதிக்குள் போய்ப் பை கட்டாதீர்கள், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

செடி பார்த்தாகிவிட்டதா, தோட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசியாக மருந்து அடித்தது என்றைக்கு, அடுத்து அடிக்கப் போவது என்றைக்கு? காய்த்துளைப்பானுக்காகக் கத்தரியில் அடிக்கடி மருந்து அடிப்பார்கள். அடித்த மறுநாள் பூச்சியை எண்ணி எழுதினால் மருந்தைப் பற்றித்தான் எழுதியிருப்பீர்கள், செடியைப் பற்றி அல்ல.

2. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. நுனி கூரான சாமணம், புதுப் பிளேடு, தையல் ஊசி, பூஜ்ஜியம் எண் ஓவியத் தூரிகை. மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்னப் பாட்டில். கருப்பு அட்டை ஒரு துண்டு. மகரந்தத்தூள் வெளிர் நிறம், வெள்ளைத் தாளில் விழுந்தால் தெரியாது.

பைக்கு அலைய வேண்டாம். கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்கோ பாதாம் முந்திரிக்கோ சுருக்குக் கயிறு வைத்த வலைத்துணிப் பை தருவார்களே, அதுவே போதும். காற்று போகும், வெளிச்சம் போகும், தேனீ போகாது. கொசுவலையில் தைத்தும் பார்த்தேன். கண்ணி பெரிதாக இருப்பதால் இலைப்பேன் உள்ளே போய்விடுகிறது. பாலிதீன் பை கூடவே கூடாது. வேலூர் வெயிலில் பத்து மணிக்குள் உள்ளே வியர்த்துக் கொட்டி, பூ வெந்துவிடும். என் முதல் வருடப் பைகள் அப்படித்தான் போயின.

அடையாளச் சீட்டுக்கு நகைக்கடையில் விலை எழுதித் தொங்கவிடும் நூல் கோத்த சின்ன அட்டை நல்லது. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பனியிலேயே கலைந்துவிடும்.

3. ஒரு பூவை அறுத்துப் பாருங்கள்

பை மாட்டும் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற படி இது. பூவின் உள்ளமைப்பு தெரியாமல் பூச்சி எதைத் தொட்டது என்று எழுத முடியாது.

வெளியே பச்சையாக இருப்பது புல்லி, நிறமாக இருப்பது அல்லி. அதற்குள் மகரந்தத்தாள்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மகரந்தப்பை. நடுவில் சூலகம்: அடியில் சூற்பை (விதையாகப் போகும் சூல்கள் இதற்குள்), மேலே சூல்தண்டு, அதன் உச்சியில் சூல்முடி. மகரந்தத்தூள் சூல்முடியில் வந்து சேர்வதுதான் மகரந்தச்சேர்க்கை. அங்கிருந்து அது குழாய் மாதிரி முளைத்துச் சூல்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைவது அடுத்த கட்டம், அதன் பெயர் கருவுறுதல். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் பூ உதிரலாம்.

ஒவ்வொரு பூவிலும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தூள் எந்த வழியாக வெளியே வருகிறது? சூல்முடி எங்கே நிற்கிறது? தேன் இருக்கிறதா?

கத்தரியை எடுத்துக்கொள்வோம். ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கூம்பு மாதிரி நிற்கும். செம்பருத்தியில் மகரந்தப்பை வெடித்துத் தூள் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் விரலில் வரும். கத்தரியில் அப்படி இல்லை. ஒவ்வொரு பையின் நுனியிலும் சின்னத் துளை மட்டும்தான், உப்பு டப்பா மூடி மாதிரி. குலுக்கினால்தான் தூள் விழும். தேன் ஒரு சொட்டும் கிடையாது. இவ்வளவு தெரிந்த பிறகு ஒரு தேனீ அந்தப் பூவில் சும்மா உட்கார்ந்து எழுந்தால் அதை நீங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று. பத்துக் கத்தரிப் பூக்களைப் பறித்து வரிசையாக வையுங்கள். சிலவற்றில் சூல்முடி பச்சைப் பொட்டு மாதிரி கூம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும். சிலவற்றில் கூம்பின் நுனிக்குச் சமமாக நிற்கும். சிலவற்றில் வெளியே தெரியவே தெரியாது; கூம்பைப் பிரித்தால் உள்ளே குட்டையாக ஒளிந்திருக்கும். இந்தக் குட்டைச் சூல்தண்டுப் பூக்கள் காய்க்காது. ஒரே செடியில் எல்லாமும் இருக்கும். "பூ கொட்டிக் கிடக்குது, காய் இல்லையே" என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சோதனைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பூக்களை மட்டும் எடுங்கள். குட்டையைக் கலந்துவிட்டால் கடைசியில் வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

4. பூவின் நேரக் கணக்கு

நாளை விரியப் போகிற மொட்டு பத்தில் சீட்டு கட்டி, மூன்று நாள் காலை ஆறு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். இதழ் எப்போது விரிந்தது, மகரந்தம் எப்போது வெளியே வந்தது, சூல்முடி எப்போது பளபளப்பாக, ஈரமாக இருந்தது, எப்போது பழுப்பானது. கத்தரி காலையில் விரியும். நுனித் துளை திறப்பது அதற்குச் சற்றுப் பின்னால். விரிந்த அன்று சூல்முடி மகரந்தத்தை நன்றாக ஏற்கும்.

இந்தப் படி எதற்கு? பல பூக்களில் ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. சீத்தாவைப் பாருங்கள். ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்த குறுமரம். அதன் பூ முதலில் பெண்ணாக இருக்கும். தடித்த இதழ்கள் லேசாக மட்டும் பிரிந்திருக்கும், சூல்முடிகள் ஈரமாக இருக்கும். பிறகுதான் இதழ்கள் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும். அந்த நேரத்துக்குள் சூல்முடிகள் காய்ந்து போயிருக்கும். ஆக, ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்வது கடினம். நன்றாக விரிந்த சீத்தாப் பூவாகப் பார்த்து அதில் தூரிகையால் தடவிவிட்டு ஏமாறுகிறவர்கள் இந்த நேரக் கணக்கைப் போடாதவர்கள்தான்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாவிட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு சூல்முடியில் விடுங்கள். தயாராக இருக்கும் சூல்முடியில் நுரை குமிழ்கள் எழும். கீறல் பட்ட இடத்திலும் மகரந்தம் ஒட்டிய இடத்திலும் குமிழ் வரும், அதனால் மொட்டைப் பிரித்து எடுத்த சுத்தமான சூல்முடியில்தான் பார்க்க வேண்டும். சொட்டு விட்ட பூ அதோடு சரி. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பருவமும் முக்கியம். மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கத்தரிப் பூ சூட்டுக்கே உதிரும், சூல்முடியும் சீக்கிரம் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மழை தூளை நனைத்துவிடும். தை, மாசிதான் எனக்கு ஒத்து வந்த மாதங்கள்.

5. வருகிறவர்களைக் கவனித்தல்

பை மாட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பை தொங்கும் செடியைச் சுற்றிப் பூச்சிகளின் நடமாட்டம் மாறும், திறந்திருக்கும் பூக்களுக்கே கூட்டம் சேரும்.

ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். ஒரு நாளில் ஆறு தடவை, காலை ஆறரைக்குத் தொடங்கி மாலை வரை. ஒவ்வொரு வருகைக்கும் மூன்று கட்டம்: யார், மகரந்தப்பையைத் தொட்டதா, சூல்முடியைத் தொட்டதா. கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் பூச்சியை விருந்தாளிப் பட்டியலில் எழுதுங்கள், வேலைக்காரப் பட்டியலில் எழுதாதீர்கள்.

கத்தரியில் காதைத் தீட்டி வையுங்கள். கருவண்டு என்று நாம் சொல்கிற, விரல் நுனிப் பருமனில் கன்னங்கரேலென்று பறப்பது உண்மையில் வண்டு கிடையாது, மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் தேனீ. அது கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும் ரீங்காரம் சட்டென்று மாறிக் கீச்சுக் குரலில் "ஜ்ஜ்" என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் தூள் துளை வழியாகக் கொட்டி அதன் வயிற்றில் அப்பிக்கொள்ளும். நீலப் பட்டைத் தேனீயும் இதைச் செய்யும். அடுக்குத் தேனீக்கும் மலைத்தேனீக்கும் இந்த வித்தை வராது. இதழிலும் கூம்பிலும் சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிப் போகும். பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தால் கத்தரி கொழிக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பட்டுப்போன மரக்கிளையும் காய்ந்த மூங்கிலும் தோட்டத்தில் கிடந்தால்தான் கருவண்டு தங்கும்.

ஆவாரையிலும் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. அதன் மகரந்தத்தாள்கள் ஒரே அளவில் இல்லாததைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் சின்னவை தீனி. கீழே நீண்டு வளைந்தவை பூச்சியின் உடம்பில் தூளைப் பூசிவிடுபவை. பெரிய தேனீ தீனியைக் குடையும்போது அதன் பின்புறத்தை நீண்ட தாள்களும் சூல்முடியும் தொடும். சின்னத் தேனீ வந்தால் தீனியை மட்டும் தின்றுவிட்டு எதையும் தொடாமல் போய்விடும். இலைக்காம்பில் ஊரும் எறும்புகளைப் பூவின் கணக்கில் எழுதாதீர்கள். சிற்றிலைகளின் இடையே உள்ள சுரப்பிக்காக வந்தவை அவை.

செம்பருத்திப் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சும் தேன்சிட்டும் இதே ரகத் திருட்டுதான். என்ன, படம் அழகாக வரும்.

6. நான்கு கூட்டமாகப் பிரித்துப் பை மாட்டுதல்

சோதனையின் முதுகெலும்பு இது. பூக்களை நான்கு கூட்டமாகப் பிரிக்கிறோம்.

முதல் கூட்டம்: சீட்டு மட்டும், பை இல்லை. இயற்கையில் எத்தனை காய் பிடிக்கிறது என்பதற்கு இது அளவுகோல்.

இரண்டாவது: மொட்டிலேயே பை மாட்டி, அதன் பிறகு தொடவே கூடாது. பூச்சி உதவி இல்லாமல் பூ தானாகக் காய்க்குமா என்று இது சொல்லும்.

மூன்றாவது: பை மாட்டி, விரிந்ததும் அதே பூவின் மகரந்தத்தை அதன் சூல்முடியிலேயே கையால் வைப்பது. தன் மகரந்தத்தைச் செடி ஏற்கிறதா என்பதற்கு.

நான்காவது: மொட்டிலேயே மகரந்தப்பைகளை நீக்கி, பை மாட்டி, வேறொரு செடியின் மகரந்தத்தை வைப்பது. இது அயல் மகரந்தச்சேர்க்கை.

முடிந்தால் ஐந்தாவதாகச் சில பூக்களில் மகரந்தப்பைகளை நீக்கிப் பை மாட்டி, எதுவும் வைக்காமல் விடுங்கள். இதில் காய் பிடித்தால் உங்கள் பையிலோ கையிலோ எங்கோ ஓட்டை இருக்கிறது. மற்ற நான்கின் எண்களையும் நம்பலாமா என்று இந்த ஐந்தாவதுதான் சொல்லும், அதனால்தானோ என்னவோ எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

கூட்டத்துக்கு இருபது பூவாவது வேண்டும். ஐந்து பூ வைத்துக்கொண்டு சதவீதம் போடாதீர்கள், ஒரு பூ காற்றில் உதிர்ந்தாலே இருபது சதவீதம் மாறிவிடும். இருபதையும் ஒரே செடியில் கட்டுவதும் தவறு. அந்தச் செடிக்கு வேரில் நோய் இருந்தால் அந்தக் கூட்டமே விழுந்துவிடும். ஒவ்வொரு செடியிலும் எல்லாக் கூட்டத்துப் பூக்களும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும்.

கத்தரிக்கே உரிய ஒரு வம்பு உண்டு. பூ தலை கவிழ்ந்து தொங்குவதால், செடியைக் காற்று ஆட்டினால் கூம்பிலிருந்து கொஞ்சம் தூள் அதன் சூல்முடியிலேயே விழும். இரண்டாவது கூட்டத்தில் ஓரளவு காய் பிடிப்பதற்கு அதுதான் காரணம். பை பூவின் மேல் உரசினால் அதுவே குலுக்குவதாகிவிடும். ஆகவே பையைத் தளர்வாக மாட்டுங்கள், துணி கூம்பைத் தொடாமல் ஒரு சின்னக் கம்பி வளையம் உள்ளே கொடுங்கள். சுருக்குக் கயிற்றைக் காம்பில் கட்டாமல் கிளையில் கட்டுங்கள். பூக்காம்பு இறுகினால் பூ உதிரும், அதை நீங்கள் "பூச்சி வராததால் உதிர்ந்தது" என்று எழுதி வைப்பீர்கள்.

எங்கள் தோட்டக்காரத் தாத்தா முதல் நாள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா இது, பூவுக்கெல்லாம் பை மாட்டிக்கினு கீறீங்க, கண்ணு பட்டுடும்னா?" சிரித்தோம். ஆனால் அவரிடம் விவரமாகச் சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று. காய் பறிக்க ஆள் வந்த அன்று பைகளைப் பிய்த்து எறியாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

7. மகரந்தப்பை நீக்குதலும் கையால் சேர்த்தலும்

நீக்கும் நேரம் முந்தின நாள் மாலை. மொட்டு நன்றாகப் பருத்து, இதழ் நுனி நிறம் ஏறி, இன்னும் பிரியாமல் இருக்க வேண்டும். விரிந்த பிறகு நீக்கினால் தூள் ஏற்கெனவே விழுந்திருக்கும். மிகச் சின்ன மொட்டில் கை வைத்தால் சூல்தண்டு ஒடிந்துவிடும்.

சாமணத்தை ஸ்பிரிட்டில் நனைத்துக் காற்றில் காய விடுங்கள். இடது கையால் மொட்டின் அடியைத் தாங்கிக்கொண்டு இதழ்களை மெதுவாகப் பிரியுங்கள். கூம்பை மொத்தமாகப் பிடுங்காமல், மகரந்தத்தாள் ஒவ்வொன்றாக அதன் அடிக்காம்பில் பிடித்து வெளிப்பக்கமாக இழுங்கள். ஐந்தையும் எண்ணிக் கருப்பு அட்டையில் வையுங்கள். நான்குதான் இருக்கிறது என்றால் ஒன்று உள்ளேயே நிற்கிறது. கூம்பைப் பிரித்ததும் சூல்தண்டு குட்டையாகத் தெரிந்தால் அந்தப் பூவை விட்டுவிடுங்கள். அடுத்த பூவுக்குப் போகும் முன் மறுபடி ஸ்பிரிட். உடனே பை மாட்டிச் சீட்டில் தேதி, கூட்டம், செடி எண் எழுதுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்ட சீட்டை யாரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மகரந்தம் எடுக்க வேண்டும். தூரிகையால் கத்தரியின் கூம்பைத் தடவிக்கொண்டே இருந்தால் ஒன்றும் வராது. துளை நுனியில்தான் இருக்கிறது என்று பார்த்தோமே. இசைக்கவை ஒன்று கிடைத்தால் வேலை சுலபம். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும். அதை ரப்பர் கட்டையில் தட்டி, அதிரும்போதே அதன் காலைக் கூம்பின் அடியில் தொட வையுங்கள். கீழே பிடித்த கருப்பு அட்டையில் மஞ்சள் புகை மாதிரி தூள் விழும். பிள்ளைகள் கத்துவார்கள். கவை இல்லையா, பேட்டரியில் ஓடும் பல் துலக்கியின் பின்பக்கமும் இந்த வேலையைச் செய்யும். அதுவும் இல்லாவிட்டால் மகரந்தப்பையை ஊசியால் நீளவாக்கில் கீறித் தூளைச் சுரண்டி எடுக்கலாம்.

அட்டையில் விழுந்த தூளைத் தூரிகை நுனியால் தொட்டு, சூல்முடியில் மென்மையாக வைத்து, லென்ஸில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, பையை மீண்டும் மாட்டுங்கள். காலை பத்து மணிக்குள் முடியுங்கள். தன் மகரந்தத்துக்கும் அயல் மகரந்தத்துக்கும் தனித்தனித் தூரிகை. அயலுக்கு மகரந்தம் எடுக்கும் செடி நான்கைந்து அடியாவது தள்ளியிருக்கட்டும், முடிந்தால் வேறு பாத்தியில்.

8. எண்ணுதலும் எண்ணைப் படித்தலும்

மூன்றாம் நாள் இதழ்கள் வாடியதும் பைகளைக் கழற்றிவிடலாம், சூல்முடிக்கு இனி வேலை இல்லை. சீட்டு மட்டும் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பிஞ்சு பருத்திருக்கும், அல்லது காம்போடு மஞ்சளாகி விழுந்திருக்கும். விழுந்ததையும் எண்ணுங்கள். சீட்டே காணாமல் போனதைத் தனியாக எழுதுங்கள், அதை "காய்க்கவில்லை" என்ற கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

எப்படிப் படிப்பது? உதாரணத்துக்கு, திறந்த பூக்கள் இருபதில் பன்னிரண்டு காய்த்து, பை மாட்டித் தொடாதவற்றில் ஐந்து காய்த்தது என்று வைத்துக்கொள்வோம். பூ தானாகவும் காய்க்கும், பூச்சி வந்தால் கூடுதலாகக் காய்க்கும் என்று பொருள். கையால் தன் மகரந்தம் வைத்தவை நன்றாகக் காய்த்திருந்தால், செடிக்குத் தன் மகரந்தத்தோடு சண்டை இல்லை. குலுக்கிவிட ஆள்தான் தேவைப்பட்டிருக்கிறது. அயல் மட்டும் காய்த்து, தன் மகரந்தம் வைத்தவை எல்லாம் உதிர்ந்தால், அந்தச் செடி தன் தூளை ஏற்பதில்லை. அதைத் தோட்டத்தில் ஒற்றையாக வைத்தால் காய்க்காது. கையால் வைத்தவை நன்றாகக் காய்த்து, திறந்த பூக்கள் குறைவாகக் காய்த்தால்? அப்போதுதான் "இங்கே பூச்சி போதவில்லை" என்ற வாக்கியத்தை எழுத உங்களுக்கு உரிமை வருகிறது. எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் வெயில், தண்ணீர், உரம் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

காயின் எண்ணிக்கையோடு நிற்காமல், கூட்டத்துக்கு இரண்டு காயைப் பழுக்கவிட்டு விதைகளையும் எண்ணினால் இன்னும் நல்லது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத்தூள் சூலைப் போய் அடைந்திருக்க வேண்டும். தூள் குறைவாக விழுந்த காய் கோணலாகவும் விதை குறைந்தும் இருக்கும்.

9. அடுத்த செடிக்குப் போகும்போது

ஆவாரைக்கு மேலே சொன்ன முறையே போதும். ஆமணக்குக்குச் சின்ன மாற்றம். அதன் பூந்தண்டில் மேலே பெண் பூக்கள், சிவப்பு இறகு மாதிரி சூல்முடியோடு. கீழே ஆண் பூக்கள். இதழும் இல்லை. காற்றுதான் பெரும்பாலும் தூளைக் கொண்டுபோகிறது, அந்தத் தூள் வலைத்துணிக்குள் தாராளமாக நுழையும். இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: மேல் பூக்கள் விரியும் முன்பே கீழிருக்கும் ஆண் மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, சில தண்டுகளுக்கு வலைப்பையும் சிலவற்றுக்கு வெண்ணெய்த்தாள் உறையும் மாட்டுங்கள். வலைப்பை பூச்சியை மட்டும் தடுக்கும், தாளுறை காற்றையும் தடுக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காற்றின் பங்கு. விதை கடும் விஷம், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எருக்கைக் கடைசியாக வையுங்கள். அதில் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு இரண்டு மஞ்சள் பொட்டலமாக ஒரு கருப்புக் கவ்வியில் தொங்கும். பூ நடுவில் உள்ள பிளவில் கருவண்டின் கால் சிக்கி, கவ்வியோடு வெளியே வரும். தூரிகைக்கு அங்கே வேலையில்லை, மெல்லிய ஊசியைப் பிளவுக்குள் கீழிருந்து மேலாக இழுத்தால் பொட்டலம் வரும். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் செடியைத் தொடவிடாதீர்கள், தொட்ட கையைக் கழுவாமல் கண்ணில் வைக்க விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் சீட்டு நூல்களை அறுத்தெடுக்க மறந்துவிடாதீர்கள். காம்பு பருக்கப் பருக்க நூல் உள்ளே இறங்கி அறுத்துவிடும். ஒரு தடவை அப்படி விட்டதில், தாத்தா சந்தைக்கு எடுத்து வைத்திருந்த கூடையில் மூன்று காயில் எங்கள் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது, "4-அயல்" என்று பென்சிலால் எழுதியது.